கம்பனியின் முகவரியும் லயத்தின் முகவரியும்

கம்பனிச் சட்டம் பற்றிக் கலைப்பீட மாணவன் ஒருவன் எழுத முற்படுவது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். சட்டநூல்கள் வழக்கறிஞருக்கும் வணிகம் பயில்வோருக்கும் மட்டுமே உரியவை என நாம் ஒதுக்கிவிட்டோம். ஆயினும் ஒரு நாட்டின் சட்டம் எதனை ஓர் ஆளாக மதிக்கின்றது, அந்த ஆளை எங்கே தேடிக் காண்கின்றது என்பன வரலாறு பயில்வோர் ஆராயத் தகாத வினாக்கள் அல்ல. எல்லவுக்கு அண்மையிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் லயத்திற் பிறந்து வளர்ந்த எனக்கு அவை வெறும் ஏட்டு வினாக்களும் அல்ல.

2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் இன்று இலங்கையில் நடைமுறையில் உள்ளது. அதன் 113ஆம் பிரிவு கூறுவது இதுதான்: ஒவ்வொரு கம்பனிக்கும் எக்காலத்தும் இலங்கையினுள் ஒரு பதிவு அலுவலகம் இருத்தல் வேண்டும். கம்பனிக்குரிய கடிதங்களும் அறிவித்தல்களும் அங்கேயே அனுப்பப்படும். கம்பனிமீது வழக்குத் தொடுப்போர் நீதிமன்ற அழைப்பாணையைச் சேர்ப்பிக்க வேண்டிய முகவரியும் அதுவே. கம்பனியை உருவாக்குவோர் கொடுக்கும் முதலாம் படிவத்திலேயே அம்முகவரி கேட்கப்படுகின்றது. ஒரே ஒரு பங்குதாரரைக் கொண்டும் கம்பனி அமைக்கலாம். பணிப்பாளர் ஒருவரே போதும். ஆனால் முகவரியின்றி அமைக்க இயலாது. செயலாளர் ஒருவரும் இருந்தாக வேண்டும். பங்குப் பதிவேடு, கூட்டக் குறிப்புகள் முதலியனவும் பதிவு அலுவலகத்திலேயே பேணப்படல் முறை.

சட்டம் இதில் இத்துணைக் கண்டிப்புக் காட்டுவதற்குக் காரணம் உண்டு. வரையறுத்த பொறுப்பு என்பது சாதாரணச் சலுகையன்று. கம்பனி கடன்பட்டு வீழ்ந்தால், பங்குதாரர் தம் பங்கிற்குச் செலுத்த வேண்டிய தொகைக்கு மேல் ஒரு சதமும் இழக்க வேண்டியதில்லை. இலண்டன் வைற்சப்பலில் சப்பாத்து உற்பத்தி செய்த ஆரன் சலமன் என்பாரின் வழக்கில், அவரும் மனைவி மக்களுமே பங்குதாரராக இருந்த கம்பனிகூட அவரிலிருந்து வேறான ஓர் ஆள் என்று பிரித்தானியப் பிரபுக்கள் சபை 1896இல் தீர்ப்பளித்தது. கடன் கொடுத்தவர் சலமனின் வீட்டுக் கதவைத் தட்ட முடியாதெனின், தட்டுவதற்கு வேறொரு கதவு வேண்டுமன்றோ? அக்கதவே பதிவு அலுவலகம். ஆட்களை மறைத்து வைக்கும் உரிமையைக் கொடுத்த சட்டம், அதற்கு ஈடாக ஓர் இடத்தை வெளிப்படுத்துமாறு கேட்கின்றது. நியாயமான பேரம் என்றே நான் கருதுகின்றேன்.

இப்பேரத்திலும் ஏமாற்று உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் மாநிலங்களில், பதிவு பெற்ற முகவர் ஒருவரைக் கம்பனி நியமித்துக்கொள்ள வேண்டும். அழைப்பாணையைக் கம்பனியின் சார்பிற் பெற்றுக்கொள்வது அவர் தொழில். அதனையே பெருந்தொழிலாக நடத்துவோர் தோன்றிவிட்டனர். டெலவெயர் மாநிலத்து வில்மிங்டன் நகரில், வட ஒரேஞ்சு வீதி 1209ஆம் இலக்கத்தில் அடக்கமான ஒரு கட்டடம் இருக்கின்றது. 2012இல் நியூயோர்க் டைம்ஸ் எழுதியபோது 2,85,000 நிறுவனங்களுக்கு அதுவே முகவரி. அத்தனையும் அங்கே நாற்காலி போட்டு அமர்வதானால் வில்மிங்டன் நகரமே போதாது. நம் நாட்டுச் சட்டத்திலும் இதற்கு ஒப்பான ஏற்பாடு கடல்கடந்த கம்பனிகளுக்கு உள்ளது: பிற நாட்டில் அமைந்த கம்பனி இங்கே தொழில் நடத்துமாயின், அறிவித்தல்களை ஏற்றுக்கொள்ளும் அதிகாரமுடைய, இலங்கையில் வசிக்கும் ஒருவரின் பெயரையும் முகவரியையும் பதிவாளரிடம் கொடுத்தல் வேண்டும்.

கடல்கடந்த கம்பனி என்றதும் ஊவா மலைகளை நினையாதிருக்க முடியவில்லை. கோப்பிப் பயிர் 1869இல் தோன்றிய இலைநோயால் அழிந்தபின் தேயிலை எழுந்தது. தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து அப்புத்தளைப் பக்கத்துத் தம்பேதன்னை உட்படப் பல தோட்டங்களை வாங்கினார். 1898இல் அவருடைய வணிகம் பொதுப் பங்குகள் விற்கப்பட்ட கம்பனியாயிற்று. பெருந்தோட்டங்கள் பல இவ்வாறே தனிப்பட்ட துரைமாரின் கையை விட்டுக் கம்பனிகளின் கைக்குச் சென்றன. ‘ஸ்ரேர்லிங் கம்பனிகள்’ எனப்பட்ட அவற்றின் பதிவு அலுவலகங்கள் பிரித்தானியாவில் இருந்தன. தேயிலை வியாபாரத்தின் நடுநிலையமோ இலண்டன் மின்சிங் லேன். பங்குதாரர்களுள் மிகப் பலர் தாம் உரிமை பாராட்டிய மலையை வாழ்நாளில் ஒருமுறையேனும் கண்டிருக்கமாட்டார். அவர்களுக்கும் மலைக்கும் இடையே கொழும்பில் முகவர் கம்பனிகள் அமர்ந்திருந்தன: ஜோர்ஜ் ஸ்டுவர்ட், விட்டோல், கார்சன் கம்பர்பாட்ச் என அப்பெயர்கள் நீளும். கணக்கு, சம்பளப் பணம், அரிசி, உரம், கப்பல், விற்பனை யாவும் அவர்கள் வழியே நடந்தன. அவர்கள் அனுப்பும் ‘விசிட்டிங் ஏஜண்டு’ தோட்டத்தைப் பார்வையிட வரும் நாளில், பெரிய துரையே சிறிய துரையாகி விடுவார் என்று என் தாத்தா சிரித்துக்கொண்டு கூறுவதுண்டு. கான் வெட்டிச் சுத்தம் செய்யவும் லயத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவும் அந்த ஒரு வருகை போதுமாயிருந்ததாம்.

இங்ஙனம் ஊவாவில் மலையும் இலண்டனில் முகவரியுமாகக் கம்பனி வாழ்ந்த காலத்தில், மலையில் வேலை செய்ய வந்தவர்க்கு எத்தகைய முகவரி இருந்தது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து ஆள் கட்டிக் கொண்டுவருவதற்குத் தகரச் சீட்டு முறை ஏற்பட்டது. மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் தோட்டத்தைக் குறிக்கும் இலக்கமும் பொறித்த சிறு தகரத் துண்டு ஒன்று ஒவ்வொருவரிடமும் கொடுக்கப்பட்டது. அதைக் காட்டினால் இரயிலும் கப்பலும் ஏற்றிச் செல்லும். செலவு தோட்டத்தின் கணக்கில் விழும். அத்துண்டிற் பெயர் இல்லை. பொருளைச் சேர்க்க வேண்டிய இடம் எழுதிய பொதிச்சீட்டே அது. எங்கள் மக்கள் இந்நாட்டிற் பெற்ற முதல் முகவரி, அவர்களுக்குக் கடிதம் வந்து சேர்வதற்காக ஏற்பட்டதன்று. அவர்களே வந்து சேர்வதற்காக ஏற்பட்டது.

பின் வந்த மாற்றங்களை விரைந்து கூறிவிடலாம். 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் காணிகளுக்கு உச்சவரம்பு விதித்தது. 1975ஆம் ஆண்டுத் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கிற்று. அரச கூட்டுத்தாபனங்கள் நடத்திய தோட்டங்கள் 1992இல் 22 பிரதேசப் பெருந்தோட்டக் கம்பனிகளாக வகுக்கப்பட்டு, அவற்றின் முகாமை தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. காணி அரசினுடையது, கம்பனிக்கு உள்ளது 2045 வரையான குத்தகை. இக்கம்பனிகளுட் பெரும்பாலானவற்றின் பதிவு அலுவலகங்கள் கொழும்பிலும் அதன் சூழலிலும் உள்ளன. மின்சிங் லேனிலிருந்து கொழும்புக்கு என்று பார்த்தால் முகவரி நமக்குச் சற்று அண்மையில் வந்திருக்கின்றது. லயத்தில் இருந்தவர்க்கு இம்மாற்றங்கள் தெரிந்தது தோட்டத்து வாயிற் பலகையில். பெயர்ப்பலகை இறங்கும், வேறொன்று ஏறும். மறுநாட் காலையிற் பெரட்டுக்களத்தில் அதே தப்பு, அதே மலை.

லயத்து முகவரி எத்தகையது என்பதை, தோட்டம் அறியாத வாசகர்க்குச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். பெயர், டிவிசன், தோட்டத்தின் பெயர், தபாற்கந்தோரின் பெயர் என நான்கு வரிகள் உண்டு. இலக்கம் இல்லை, வீதி இல்லை. தபாற்கந்தோரிலிருந்து தோட்டத்தின் தப்பால்காரர் பையொன்றில் எல்லாக் கடிதங்களையும் வாங்கி வருவார். துரைக்கும் உத்தியோகத்தருக்கும் உரியவை பிரிக்கப்படும். எஞ்சியவை ஆபிசுத் தட்டில் வைக்கப்படும். யாரேனும் அவ்வழி சென்றால் எடுத்து வருவர். சிலவேளை கணக்கப்பிள்ளை பெரட்டிற் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். ஒரே டிவிசனில் ராமசாமிகள் மூவர் இருப்பின் கடிதம் மூன்று இஸ்தோப்புகளைக் கண்டுதான் தன் உரிமையாளரைச் சேரும். அதற்குள் அதிலுள்ள செய்தி தண்ணீர்ப் பீலியடி வரை சென்றிருக்கும்.

லயத்தவர்க்கு இடம் குறிக்கத் தெரியாது என்று எவரும் எண்ணிவிடலாகாது. பணிய லயம், மேட்டு லயம், கோயில் லயம், பத்துக்காம்பரா லயம் எனப் பெயர்கள் உண்டு. ‘பத்துக்காம்பரா லயத்துப் பின்பக்கம், பீலிக்கரைக்கு இந்தக் கடைசிக் காம்பரா’ என்றால், நள்ளிரவிலும் மருத்துவச்சியை நேராக அக்கதவுக்கு அழைத்து வந்துவிடலாம். எங்கள் அப்பாயி இறந்த இரவில் பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்கள் மூன்றிலிருந்து உறவினர் வந்து சேர்ந்தனர். ஒருவரும் வழி தவறவில்லை. வாய்மொழியில் இத்துணைத் துல்லியமான முகவரி, எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை என்பதே குறை.

இக்குறையின் விலை என்ன? என் அக்காளுக்கு நேர்முகத் தேர்வொன்றுக்கான அழைப்புக் கடிதம் வந்தது. உயர்தரத்தில் நல்ல சித்திபெற்று, ஆசிரியத் தொழிலே வேண்டுமெனக் காத்திருந்தவர் அவர். கடிதம் ஆபிசுத் தட்டில், பழைய செய்தித்தாள்களின் கீழ் ஒன்பது நாட்கள் கிடந்தது. கைக்கு வந்தபோது தேர்வு நடந்து இரண்டு நாட்கள் ஆகியிருந்தன. ஒருவரும் வேண்டுமென்று செய்ததன்று. அப்பா கடிதத்தையும் உறையையும் எடுத்துக்கொண்டு அனுப்பிய இடத்துக்கே சென்றார். அங்கிருந்தவர் மரியாதையாகவே விடை கூறினாராம்: விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய முகவரிக்கு உரிய காலத்தில் அனுப்பிவிட்டோம், அங்கே அது சேர்ந்தும் விட்டது. அவர் கூற்றிற் பிழையில்லை. அக்காள் இன்று பண்டாரவளையிலுள்ள புடைவைக் கடையொன்றிற் கணக்கு எழுதுகின்றார்.

கம்பனிச் சட்டத்தைப் படித்தபோது இச்சம்பவமே என் நினைவில் எழுந்தது. கம்பனி ஒன்று இயங்குகின்றதா என ஐயம் தோன்றினால் பதிவாளர் கடிதம் எழுதிக் கேட்பார். விடை வராவிடில் மீண்டும் எழுதுவார். அதற்கும் விடையில்லையெனின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் நடவடிக்கை தொடரும். முகவரிக்குக் கடிதம் சேர்ந்தால், கம்பனி அறிந்தது என்றே கொள்ளப்படும். ‘எனக்குத் தெரியாது’ என்பது எடுபடாது. கண்டிப்பான விதிதான்; ஆனால் அம்முகவரியைத் தேர்ந்தவர் கம்பனியின் பணிப்பாளர்களே. வசதிப்படாவிடில் தீர்மானமொன்றை நிறைவேற்றி, பதிவாளருக்கு அறிவித்து, வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். தான் எங்கே தேடப்பட வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை கம்பனிக்கு உண்டு. தேடியவரிடம் அகப்பட வேண்டிய கடமை அவ்வுரிமையோடு பிறந்தது. லயத்தவரிடமோ கடமை மட்டும் இருக்கின்றது. தாம் தேர்ந்தெடுக்காத, தம் கையிற் சாவி இல்லாத ஒரு தட்டிற் கடிதம் விழுந்த கணமே அவர்கள் அதனை அறிந்தவராகி விடுகின்றனர்.

இந்த வேறுபாட்டை நேரிற் காணும் வாய்ப்பு ஒருமுறை கிட்டியது. எல்ல இன்று உலகப் பயணிகள் மொய்க்கும் ஊர். 1921இற் கட்டி முடிக்கப்பட்ட தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் இரயில் வரும் நேரமெல்லாம் படம் பிடிப்போர் கூட்டம். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் விடுதிகளில் அறை கூட்டுகின்றனர். முச்சக்கர வண்டி ஓட்டுகின்றனர். எல்லப் பாறைக்கு வழிகாட்டிச் செல்கின்றனர். பெரியப்பா மகனாகிய என் அண்ணனும் நண்பர் மூவரும் இதனைக் கூலிக்குச் செய்யாது தமக்கெனச் செய்ய எண்ணினர். தேயிலை மலைகளூடே பயணிகளை நடத்திச் சென்று, கொழுந்து பறிப்பதையும் லயத்துச் சமையலையும் அறிமுகம் செய்யும் ஒரு சிறு கம்பனி. வெளிநாட்டுப் பயண முகவர்கள் பதிவு இலக்கமும் கம்பனியின் பெயரில் வங்கிக் கணக்கும் கேட்டனர். வரையறுத்த பொறுப்பும் அண்ணனைக் கவர்ந்தது. வான் ஒன்றைத் தவணைக்கு எடுத்துத் தொழில் முடங்கினால், பெரியம்மாவின் சேமலாப நிதிப் பணத்துக்கு எவரும் வரக்கூடாது என்பது அவர் கணக்கு. வங்கிகள் பணிப்பாளரிடம் தனிப்பிணையும் கேட்பதுண்டென்று நான் சொன்னேன். அதனை அவர் அவ்வளவாக விரும்பவில்லை.

பதுளையிற் கம்பனிச் செயலாளராகத் தொழில் புரியும் அம்மையாரிடம் சென்றோம். படிவத்தை வாங்கிப் பார்த்தவர், முகவரிக் கட்டத்திற் பேனாவை நிறுத்தினார்.

“தம்பி, இது தோட்டத்தோட விலாசம். உங்க கம்பனி எங்க இருக்கு?”

“லயத்துலதான் மிஸ். எங்க வீட்டு இஸ்தோப்புல.”

“அந்த இஸ்தோப்புக்கு நம்பர் இருக்கா?”

அண்ணன் என்னைப் பார்த்தார். அம்மையார் நகையாடவில்லை, பொறுமையுடன் விளக்கினார். சட்டம் சொந்தக் கட்டடம் கேட்கவில்லை; வீட்டு மூலையும் பதிவு அலுவலகமாகலாம். ஆனால் இம்முகவரியை எழுதினால் பதிவாளரின் கடிதமும் வருமான வரிக் கடிதமும் தோட்டத்து ஆபிசுக்குப் போகும். ஒரு கம்பனியின் தபாலை வேறொரு கம்பனியின் மேசையிற் சேர்ப்பிக்கச் சொல்வதாகும். தோட்ட முகாமை மறுப்புத் தெரிவிக்கவும் கூடும். வங்கியோ இடத்துக்கு அத்தாட்சி கேட்கும். உறுதி இல்லை, வாடகை ஒப்பந்தம் இல்லை, மின்சாரப் பட்டியல் உண்டு, ஆனால் அது இறந்துபோன தாத்தாவின் பெயரில் வருகின்றது. நான்கு தலைமுறையாகக் குடியிருந்த காம்பராவைக் குறித்து எங்களாற் காட்ட முடிந்த ஆவணம் அவ்வளவே.

முடிவில் எல்ல நகரத்திற் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சிங்களப் பெரியவர் ஒருவர் உதவினார். அப்பாவுக்கு நெடுநாட் பழக்கமானவர். கடையின் மேல்மாடியில் ஒரு மூலையைக் குறைந்த வாடகைக்கு எழுதிக் கொடுத்து, வாசலிற் சிறு பெயர்ப்பலகை தொங்கவிடவும் இடம் தந்தார். அம்முகவரியோடு கம்பனி பதிவாயிற்று. கடிதம் வந்த அன்றே பெரியவர் தொலைபேசியிற் கூப்பிடுகின்றார். பிறந்து சில மாதமே ஆன அந்தக் கம்பனிக்கு வரும் தபால், அதன் பணிப்பாளர்களுக்கு வரும் தபாலைவிட விரைவாகக் கிடைக்கின்றது. பணிப்பாளராக இசைவு தெரிவிக்கும் படிவங்களில் வசிப்பிட முகவரியும் கேட்கப்பட்டது. நால்வரும் நான்கு வேறு காம்பராக்களிற் குடியிருப்பவர். நான்கு படிவங்களிலும் நான் ஒரே முகவரியையே எழுதினேன்.

இந்நிலை எங்கும் மாறாது கிடக்கின்றது என்று கூறுவது நேர்மையன்று. 2018இற் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டு, அதுவரை தோட்டங்களினுள் நுழையத் தடைப்பட்டிருந்த பிரதேச சபைகள் அங்கும் பணிபுரிய வழி பிறந்தது. இந்திய அரசின் உதவியுடன் 4,000 தனி வீடுகள் மலையகத்திற் கட்டப்பட்டன. மேலும் 10,000 வீடுகள் என 2017 மே 12ஆம் நாள் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்தார். ஏழு பேர்ச் காணியிலே தனி வாயிலோடு ஒரு வீடு எழும்போது, அதற்கு இலக்கம் இடுவது இலகுவாகின்றது. அத்தகைய வீடு கிடைக்கும்வரை லயத்திலிருப்போர் முகவரியின்றி இருக்க வேண்டியதில்லை என்பதே என் வாதம். வீட்டுரிமையும் காணியுரிமையும் பெரும் பணத்தையும் பெரும் அரசியலையும் வேண்டி நிற்பவை. லயத்துக்கு ஒரு பெயர், காம்பராவுக்கு ஓர் இலக்கம், வாயிலில் ஒரு தபாற்பெட்டி, கிராம உத்தியோகத்தரின் ஏட்டில் அவற்றின் பதிவு ஆகியவற்றுக்கு அத்துணைப் பணம் தேவையில்லை. முகவரி கொடுத்தாற் காணியையும் கொடுத்ததாகிவிடும் என்று அஞ்சுவோர்க்கு, கடைக்காரப் பெரியவரின் மேல்மாடி நல்ல விடை: அங்கே எங்கள் கம்பனிக்கு முகவரி இருக்கின்றது, ஒரு செங்கல்லும் கம்பனிக்கு உரிமையாகிவிடவில்லை.

சென்ற தைப்பொங்கல் விடுமுறையில் எங்கள் டிவிசன் இளைஞர் மன்றத்தினர் தாமே இப்பணியைத் தொடங்கினர். லயங்களுக்கு வழக்கிலிருந்த பெயர்களையே இட்டனர். ‘கூலி லயம்’ என்ற பழம்பெயர் கொண்ட ஒன்றுக்கு மட்டும் கிழவர்களும் இளைஞர்களும் கூடி நெடுநேரம் விவாதித்து ‘கிழக்கு லயம்’ எனப் பெயர் மாற்றினர். கதவுகளில் நீலச் சாயத்தால் இலக்கம் எழுதினர். எங்கள் கதவில் 14 என்று இருக்கின்றது. பட்டியலைத் தட்டச்சுச் செய்து தபாற் பகுதியினரிடம் கொடுத்தபோது, உள்ளூராட்சி மன்றத்தின் கடிதம் வேண்டும் என்றனர். அங்கே சென்றால், காணி குத்தகையில் இருப்பதால் முகாமையின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றனர். முகாமைக்கு எழுத வேண்டிய விண்ணப்பத்தை நானே வரைந்தேன். குத்தகை கம்பனியின் பெயரில் இருப்பதால் அதனைத் தோட்டத்து ஆபிசிற் கொடாமல், 113ஆம் பிரிவின்படி கொழும்பிலுள்ள பதிவு அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். சேர்ந்ததற்கான அத்தாட்சி அட்டை மூன்றாம் நாள் ஒப்பமிடப்பட்டு, கடைக்காரப் பெரியவரின் முகவரிக்குத் திரும்பி வந்துவிட்டது. விடையை எதிர்பார்த்திருக்கின்றோம்.